எதிரணி பஸ்ஸின் டிரைவர்

கல்லூரியில் அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவார்கள். வாலிபால் அணியிலேயே அவள்தான் குள்ளம். பின்வரிசையில் நின்று, பந்து எங்கே வந்தாலும் தரையோடு தரையாகப் பாய்ந்து எடுத்துவிடுவாள். கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே ஒரு தொழில்முறை கிளப் அவளை ஒப்பந்தம் செய்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கிளப் என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பதினொரு வருஷமாக இன்னொரு கிளப்புக்கு பஸ் ஓட்டுகிறார். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"ஏம்மா, வேற டீமே கிடைக்கலையா?"

"உங்க டீம்தான் குள்ளம்னு விட்டுட்டாங்களேப்பா! இனிமே அவங்க ரகசியம் எதையும் வீட்ல பேசாதீங்க."

"என்னடி பெரிய ரகசியம்?" என்றாள் அம்மா. "எவ பஸ்ல குறட்டை விடுவாங்கறது மட்டும்தான் இவருக்குத் தெரியும்."

உண்மைதான். அப்பா ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பெண்களை இறக்கிவிட்டதும் கடைசி சீட்டில் காலை நீட்டிவிடுவார். தான் தூங்கினால்தான் திரும்பும்போது அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்.

இரண்டு அணிகளும் மோதிய அன்று மத்தியானம் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அரங்கின் கடைசி வரிசையில் போய் ஒண்டிக்கொண்டார். மகளை முதலில் ஆடவிடவில்லை. மூன்றாவது செட்டில் ஒரு மூத்த ஆட்டக்காரிக்குக் கணுக்கால் பிசகியது. தவளை உள்ளே போனாள்.

முதல் பந்து அவள் கையில் பட்டுக் கூட்டத்துக்குள் பறந்தது. இரண்டாவதும் அப்படியே. அப்பா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். மூன்றாவது, அவருடைய அணியின் கேப்டன் எம்பி அடித்த அடி. மகள் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய் ஒற்றைக் கையால் எடுத்தாள். அதன்பிறகு அவள் பக்கம் வந்த பந்துகளில் ஒன்றிரண்டுதான் தரையைத் தொட்டன. அவள் அணி ஜெயித்தது. அப்பா கைதட்டப் பயந்து தொடையில் தட்டிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் தோற்ற பெண்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஓட்டினார். பத்து நிமிஷம்தான் தாங்கியது. முன்சீட்டிலிருந்த கேப்டன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, சிரிக்கிறீங்க."

"இல்லம்மா, வெயில்ல கண்ணு கூசுது."

"அதுக்குப் பல்லு எதுக்குத் தெரியுது?"

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பஸ் முழுக்கத் தொற்றிக்கொண்டது.

"என் அடியை ஒத்தக் கையில எடுத்துட்டாளே உங்க பொண்ணு! யாருண்ணே சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லம்மா. சின்னதுல தினமும் கட்டில்லேருந்து உருண்டு விழுவா. தரைன்னா பயமே கிடையாது."

"அடுத்த மாசம் மறுபடி ஆடுறோம். அப்போ விடமாட்டேன், சொல்லி வைங்க."

"விடாதீங்கம்மா" என்றார் அப்பா. கிளப் வாசலில் பஸ்ஸை நிறுத்தும்வரை அவர் வாய் மூடவேயில்லை.