இருப்பு இல்லை

அக்காவின் போன் வந்தபோது மதியம் பன்னிரண்டு. அக்கா ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் நர்ஸ். அந்த ரத்த வங்கிக்கு மென்பொருள் எழுதிய நிறுவனத்தில்தான் தங்கை இன்ஜினியர். அதனால் வருகிற திட்டெல்லாம் நேரே வீட்டு ஆளுக்கே வரும்.

"ஏன்டி, ஓ நெகட்டிவ் ரத்தம் ஒரு பைகூட இல்லைன்னு உங்க கம்ப்யூட்டர் சாதிக்குது. ஆபரேஷனைத் தள்ளிவைக்கிறதாப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. காலையில நானே அடுக்கின ஞாபகம் இருந்துச்சு. ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தா ஆறு பை குத்துக்கல்லாட்டம் இருக்கு!"

"கொடுத்துட்டியா?"

"கொடுத்தாச்சு. வேற நர்ஸ் டியூட்டியில இருந்திருந்தா?"

தங்கை போனை வைத்துவிட்டு விசாரிக்கக் கிளம்பினாள். அந்த மென்பொருள் மூன்று அடுக்கு. மேலே நர்ஸ் பார்க்கும் திரை, அடியில் இருப்பு விவரம் கிடக்கும் டேட்டாபேஸ், நடுவில் இரண்டுக்கும் தூது போகும் அடுக்கு. அடுக்குக்கு ஒரு குழு.

திரைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எங்களுக்குக் காலிப் பட்டியல் வந்துச்சு. 'இருப்பு இல்லை'ன்னு காட்டினோம். எங்க பக்கம் எல்லாம் பச்சை, கோளாறே இல்லை."

"டிஸ்க் தகராறு, நாற்பது நிமிஷம் பதில் சொல்ல முடியலை," என்றார் டேட்டாபேஸ்காரர். "ஆனா பிழைன்னு ஒழுங்காத் திருப்பி அனுப்பினோமே!"

பிழையை விழுங்கியது நடு அடுக்கு. அதை எழுதிய தாடிக்காரருக்கு அதில் பெருமை வேறு. "பிழையை அப்படியே மேல விட்டா திரை உடைஞ்சு நிக்கும். அதான் பிடிச்சு, காலிப் பட்டியலா மாத்தி அனுப்புறோம். சிஸ்டம் ஒரு நிமிஷம்கூட நிக்கலை பாருங்க."

"நிக்கலை. பொய் சொல்லுச்சு," என்றாள் தங்கை.

மேனேஜரிடம் போனால் அவர் சிஸ்டம் நிற்காமல் ஓடிய நேரத்தின் சதவீதத்தைக் காட்டினார். "தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது! 'தெரியலை'ன்னு போட்டா அது சிஸ்டம் நின்னதாத்தானேம்மா ஆகும்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, திரையில 'இல்லை'ன்னு வந்தா பொதுவா என்ன செய்வீங்க?"

"வேற ஆஸ்பத்திரியில கேட்போம். வந்துசேர ரெண்டு மணி நேரம்."

"'தெரியலை, நேர்ல பாருங்க'ன்னு வந்தா?"

"போய்ப் பார்ப்போம். ரெண்டு நிமிஷம். இதைக் கேட்கவா போன் பண்ணினே?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாற்றச் சொன்னார், முனகிக்கொண்டே.

மறு வாரமே மாற்றம் அமலுக்கு வந்தது. பிழை இப்போது பிழையாகவே மேலே வந்தது. சதவீதம் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவோ நாள் தவறாமல் பேசினாள்.

"இந்த வாரம் மூணு தடவை 'நேர்ல பாருங்க'! கால் வலிக்குதுடி. அந்த டிஸ்க்கை மாத்தித் தொலைக்க மாட்டீங்களா?"

"அதைத்தான் அக்கா, டேட்டாபேஸ்காரர் மேஜைகிட்ட நின்னு கத்திக்கிட்டிருக்கேன். போனை வை."