மூன்றாவது குரல்

உமா மகேஸ்வரி கூப்பிட்டால் விஜயசங்கர் முதல் தடவையில் திரும்பிப் பார்க்க மாட்டார். இரண்டாவது தடவையிலும் மாட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் "ம்?" என்று ஒரு சத்தம் வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குற்றாலத்துக்கு மேலே வனத்துறைச் சோதனைச் சாவடி முன்னாலும் அதுவேதான் நடந்தது.

"ஏங்க!"

விஜயசங்கர் மேகம் மூடிக் கிடந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க... ஏங்க!"

"ம்?"

"தொப்பிய மாட்டுங்க. சாரல் தலையில விழுது."

பக்கத்தில் அட்டை கடிக்காமலிருக்கக் காலுறை மேல் வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். செங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவள். மாதம் ஒரு ஞாயிறு காட்டுக்குள் நடந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பும் இந்தக் கூட்டத்தில் அவள் வாய்க்குத்தான் ஓய்வே கிடையாது.

"என்ன மைனி, அண்ணாச்சிக்கு மூணு மணி அடிச்சாதான் நடை தொறக்குமோ?"

"அவுக அம்மா வளப்பு அப்படி. இலஞ்சியில தோப்புக்குள்ள தனி வீடு. ஒத்தக் குரலுக்கு ஏன்னு கேக்காத, கூப்பிடுதது மனுசனா பேயான்னு தெரியாது, மனுசன்னா மூணு தரம் கூப்பிடுவான்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டாவ. வீட்டுல குக்கர் வெடிச்சாக்கூட நான் மூணு தரம் கத்தணும்."

"பேயின்னா ஒரு தரத்தோட போயிருமாக்கும்?"

"ஆமா. அதுக்கு வேல லேசு. எனக்குத்தான் தொண்டத்தண்ணி வத்துது."

சிரித்தாளே தவிர, உமாவின் கை தோள்பையின் முன் ஜிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு சின்ன மாத்திரை அட்டை. நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை. பங்குனியில்தான் விஜயசங்கருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதை அவர் மலை ஏறலாம் என்று எடுத்துக்கொண்டார்.

"பெஞ்சமின்கிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. தெரிஞ்சா என்னைச் சேத்துக்க மாட்டான்" என்று நேற்றே சொல்லிவிட்டார். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். "அத நான் வச்சிருந்தேன்னா நோயாளின்னு அர்த்தம். நீ வச்சிருந்தா வெறும் மாத்திரை."

ஊர் கூடி அவரைத் தடுத்துவிடுமே என்று உமாவுக்குப் பாவமாக இருந்தது. மாத்திரையைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பெஞ்சமின் தென்காசியில் செருப்புக்கடை வைத்திருக்கும் முப்பது வயதுப் பையன். வனத்துறையில் முறையாக அனுமதி வாங்கி இந்த நடையை நடத்துபவன் அவன்தான். வேட்டைத் தடுப்புக் காவலர் இசக்கிமணி முன்னால் நடப்பார், பெஞ்சமின் கடைசி ஆளாக வருவான், நடுவில் மற்றவர்கள். வேங்கைப்பாறை வரை ஏறி, கட்டுச்சோறு சாப்பிட்டு, அதே பாதையில் இறங்க வேண்டியதுதான்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. விஜயசங்கர் அடிக்கடி நின்றார். கேட்டால் மரத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். வேப்பெண்ணெயையும் மீறி எல்லாருக்கும் அட்டை கடித்தது. எல்லாருக்கும் ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது. விஜயசங்கருக்கு மட்டும் நிற்கவே இல்லை.

"என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டும் பைப்பத் தொறந்துவிட்ட மாதிரி வருது?" என்றான் பெஞ்சமின்.

"இலஞ்சித் தண்ணி குடிச்ச ரத்தம்லே அது. சீக்கிரம் நிக்காது."

கைக்குட்டையைக் கணுக்காலில் சுற்றிக் கட்டிக்கொண்டார். உமாவுக்கு மட்டும் தெரியும், அது காலையில் விழுங்கிய ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் வேலை. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். விஜயசங்கர் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

இறங்கும்போதுதான் மேகம் காட்டுக்குள் புகுந்தது. முன்னால் போகிற ஆளின் முதுகு கலங்கித் தெரிந்தது. அதற்கும் முன்னால் போகிறவர் தெரியவே இல்லை.

"நீ நடலே பெஞ்சமின். நான் ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துருதேன்" என்றார் விஜயசங்கர்.

பெரிய மனுஷருக்குக் கூச்சமாக இருக்குமே என்று பெஞ்சமின் நாலு எட்டுத் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துத் தங்கபுஷ்பம் பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து "ஏசுவே!" என்று அலறினாள். பெஞ்சமின் ஓடினான். அவளைத் தூக்கி, முழங்காலைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு திரும்பி வந்தான்.

பாதையில் யாரும் இல்லை.

"அண்ணாச்சி?"

வெள்ளைச் சுவர் மாதிரி மேகம் நின்றது.

முன்னால் இறங்கிக்கொண்டிருந்த உமாவிடம் ஓடி வந்து சொன்னான். அவள் கை தன்னால் பை ஜிப்புக்குப் போனது. மாத்திரை இங்கே இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார்?

மற்றவர்களை ஒரு பாறை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, இசக்கிமணியும் பெஞ்சமினும் உமாவும் வந்த வழியே ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் இசக்கிமணி குனிந்து எதையோ தொட்டுப் பார்த்தார். யானை லத்தி.

"சூடு ஆறல. நாம மேல போகும்போது இது இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கி. நேத்தே குட்டியோட பாத்தோம். தொடந்து கத்துனா குட்டிக்காரி நம்ம மேல வந்துருவா. ஒரு எடத்துல ஒருக்க கூப்பிடணும். காதக் குடுத்துக் கேக்கணும். பதில் இல்லன்னா அடுத்த எடத்துக்குப் போயிரணும். சரியா?"

இருவரும் தலையாட்டினார்கள்.

"விஜயசங்கர் அண்ணாச்சீ!" என்று பெஞ்சமின் ஒருமுறை கூப்பிட்டான். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். சில்வண்டுச் சத்தம். தூரத்தில் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை.

நகர்ந்தார்கள். அடுத்த வளைவில் இசக்கிமணி கூப்பிட்டார். அடுத்த மேட்டில் உமா கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் குரல் மேகத்துக்குள் போய் அப்படியே அமுங்கிப் போனது.

ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஓடைக்கு இறங்கியது. மற்றது அந்தக் காலத்தில் மரம் வெட்டி இறக்கிய பழைய கூப்பு ரோடு, மேலே ஏறியது. பிரிவில் ஈரக் கல்லின் மேல் சிவப்பாக ஏதோ கிடந்தது. பெஞ்சமின் எடுத்தான். கைக்குட்டை. முழுக்க ரத்தம்.

"இவ்வளவு ரத்தமா? எங்கயோ விழுந்து அடிபட்டுட்டாவளோ?"

"அட்டைக் கடிதான் அது" என்றாள் உமா. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. ஸ்டென்ட், மாத்திரை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பெஞ்சமின் கைக்குட்டையை அவளிடம் நீட்டினான். பிறகு, "அக்கா, காலையிலேயே ஒரு வார்த்த சொல்லியிருந்தீயன்னா அவரு ஒண்ணுக்குப் போனா என்ன, ரெண்டுக்குப் போனா என்ன, நான் பக்கத்தைவிட்டு நகந்திருப்பேனா?" என்றான். குரலில் கோபம் பாதி, அழுகை பாதி.

உமா கைக்குட்டையை வாங்கிப் பையில் போட்டாள்.

இசக்கிமணி ஓடைப் பக்கம் நாலு அடி இறங்கி நின்று, "சார்!" என்று ஒரு குரல் கொடுத்தார். மூவரும் கேட்டார்கள். தண்ணீர்ச் சத்தம்தான்.

"இங்கன இல்ல. இருந்தா பதில் வந்திருக்கும். வாங்க, கூப்பு ரோட்டுல ஏறிப் பாப்போம்."

ஏற ஆரம்பித்தார்கள். உமாவும் பின்னாலேயே ஏறினாள். மனசு மட்டும் ஏற மறுத்தது. இதே மாதிரிதான் வீட்டில் சமையலறையிலிருந்து ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் மனுஷர் வெளியே போய்விட்டார் போல என்று நினைத்துக்கொள்வாள். போய்ப் பார்த்தால் ஹாலில் நாற்காலியில் இருப்பார். கேட்டுச்சா என்றால் கேட்டது என்பார்.

காலில் முள் தைத்த மாதிரி நின்றுவிட்டாள்.

"இசக்கிமணி! நாம ஒரு எடத்துலயாவது மூணு தரம் கூப்பிட்டோமா?"

"அம்மா, சொன்னேம்லா? யானை..."

"அவரு ஒத்தக் குரலுக்குப் பதில் சொல்ல மாட்டாரு!"

பெஞ்சமினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூச்சு வாங்க விளக்கினாள். அவன் நம்பாமல் பார்த்தான். "அக்கா, உசுரு போற நேரத்துல எவன்க்கா இதெல்லாம் பாத்துக்கிட்டு இருப்பான்?"

"பட்டப்பகல்ல, நடு வீட்டுல, மின்விசிறிக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டே பாக்குத மனுசன். காட்டுக்குள்ள, மேகத்துக்குள்ள, தனியாக் கெடக்கும்போது பாக்க மாட்டாரா?"

அவனுக்குக் காத்திருக்காமல் பிரிவுக்கு இறங்கினாள். ஓடைப் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

"அம்மா, வேண்டாம்" என்றார் இசக்கிமணி பின்னாலிருந்து. "அந்தக் கரையிலதான் நிக்கி."

"ஏங்க!"

தண்ணீர்ச் சத்தம். 

"ஏங்க!"

அந்தக் கரையில் சடாரென்று மூங்கில் முறிந்தது. மிகப் பக்கத்தில். இசக்கிமணி வாயில் கை வைத்து, போதும் போதும் என்று சைகை காட்டினார். பெஞ்சமின் ஒரு மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டான். மறுபடி ஒரு கிளை முறிந்தது. ஏதோ ஒன்று அங்கே நின்று இவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு எண்ணிவிட்டு, மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் ஒருத்தருக்காக மற்ற இரண்டு உயிரையும் பணயம் வைக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அவள் வாய் தானாகத் திறந்தது.

"ஏங்க!"

காடே அடங்கிப் போன மாதிரி இருந்தது. பிறகு, கீழே இடது பக்கமாக, பாறைக்கு அடியிலிருந்து:

"ம்."

உமா உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே இறங்கினாள். சேலைக்குப் பதில் சுடிதார் போட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று. ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் விஜயசங்கர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கணுக்கால் வீங்கியிருந்தது. சாரல் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை. வலது கை நெஞ்சின் மேல் இருந்தது.

அவள் ஜிப்பைத் திறந்தாள். அவசரத்தில் முதல் மாத்திரை தண்ணீருக்குள் விழுந்து போனது. இரண்டாவதை அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள்.

பெஞ்சமின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். இசக்கிமணி அந்தக் கரையைப் பார்த்தபடி காவல் நின்றார். மூங்கில் இன்னொரு முறை முறிந்தது, கொஞ்சம் தள்ளி. பிறகு இன்னும் தள்ளி. அவர் தோள் மெதுவாகத் தளர்ந்தது. வாக்கி டாக்கியில் ஜீப்பைப் பாதை தொடங்கும் இடத்துக்கு வரச் சொன்னார்.

மூச்சு கொஞ்சம் சீரானதும் விஜயசங்கர் பேசினார்.

"நெஞ்சு அடைச்சுது. பையன் முன்னால ஒக்காரக் கூச்சமா இருந்துச்சு. ஒதுங்கி ஒக்காந்துட்டு வந்துரலாம்னு பாத்தேன். எந்திரிச்சா பாதையக் காணல. தேடி எறங்கும்போது காலு பெசகிருச்சு."

"நாங்க கூப்பிட்டது கேட்டுச்சா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டுச்சு. பெஞ்சமின் குரல். பொறவு வேற குரல். பொறவு ஒன் குரலு. எல்லாம் ஒண்ணு ஒண்ணு. அந்தப் பக்கம் எதோ ஒடையுது. வாயத் தொறக்கணும்னுதான் நெனச்சேன் உமா. தொறக்க வரல. எட்டு வயசுப் பயலாட்டம் ஒக்காந்துட்டேன்."

என்ன வாங்கு வாங்க வேண்டும் என்று இறங்கும்போதே அவள் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மறைத்ததில் தன் பங்கும் இருந்ததே.

பெஞ்சமினும் இசக்கிமணியும் கைகளைக் கோத்து நாற்காலி போலாக்கி, மாறி மாறி நின்று, அவரை ஜீப் வரை தூக்கி வந்தார்கள். வழியில் பாறையோரம் காத்திருந்த கூட்டம் ஓடி வந்தது. தங்கபுஷ்பம் நொண்டிக்கொண்டே வந்து, "அண்ணாச்சி, விழுந்தது நானு, தூக்கிட்டு வாரது ஒங்களையா?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஜீப் தென்காசியை நோக்கிக் குலுங்கிக்கொண்டு இறங்கியது. விஜயசங்கரின் தலை உமாவின் தோளில் இருந்தது. வலி குறைந்திருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவர் உடம்பின் கனம் மாறின மாதிரி அவளுக்குத் தோன்றியது. கண்கள் மூடியிருந்தன.

"ஏங்க."

பதில் இல்லை. முன் சீட்டிலிருந்து பெஞ்சமின் சட்டென்று திரும்பினான்.

இன்னும் இரண்டு தரம் கூப்பிட வேண்டும். இந்தத் தடவை மூன்றாவதுக்கும் பதில் வராவிட்டால்?

"ஏங்க..."

"இருக்கேன்" என்றார் விஜயசங்கர், கண்ணைத் திறக்காமலே. "மூணாவத வச்சுக்கோ. ஆஸ்பத்திரி வாசல்ல கூப்பிடு."

உமா அவர் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜீப் தென்காசி வரும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை.