வெயில் விழும் சுவர்

காலர் தைக்கும் எங்களுக்குக் கூலி ஏறுகிறது என்று சூப்பர்வைசர் அக்கா அறிவித்ததும் தையல் கூடமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனி சனிக்கிழமை அரை நாள் வேலை பார்த்தாலும் பழைய சம்பளம் கைக்கு வந்துவிடும்!

இடைவேளையில் போய்க் கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூலி ஏறினதும் எல்லாரும் ஓவர்டைம் குடுங்கன்னு பிச்சுப் பிடுங்குறாங்க. நீ என்னடான்னா குறைக்கச் சொல்ற. உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்குக்கா."

"அப்புறம்?"

என்ன சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு கணவருடையது, மகளுடையது, குக்கருடையது. ஆளில்லாத வீட்டில் மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழும் என்றுகூடத் தெரியாது.

"வீட்ல வேலை இருக்குக்கா," என்றேன். உடனே தலையாட்டிவிட்டார்.

வீட்டில் கூலி ஏறியதை மட்டும் சொன்னேன். அரை நாளைச் சொன்னால் அதற்குள் யாராவது ஒரு வேலையைத் திணித்துவிடுவார்கள். கிடங்கில் வேன் ஓட்டும் கணவர் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார். "இனி மேடம் ராஜ்ஜியம்தான்! வாஷிங் மெஷின் வாங்கிடலாம்." அவர் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வெளிச்சம். எனக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. மகள் வகுப்பில் இருப்பாள், அவர் ஓவர்டைமில். பஸ்ஸை விட்டு இறங்கி ஏறக்குறைய ஓடினேன். திருடப் போகிறவள்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கலைந்த தலையோடு கணவர் திறந்தார்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?"

"உனக்குத்தான் கூலி ஏறிடுச்சே. சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "சும்மா. யாரும் இல்லாத வீட்ல ஒரு மத்தியானம் படுத்துக் கிடக்கணும்னு."

அவர் தோளுக்குப் பின்னால், அலமாரிப் பக்கத்துச் சுவரில், வெயில் விழுந்திருந்தது. ஓ, அங்கேதானா!

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் இருப்போம்."

"அப்புறம் அது யாரும் இல்லாத வீடா?"

அவர் யோசித்தார். "சரி, நான் மறுபடி ஓவர்டைமுக்கே போறேன்."

அந்தக் குரலில் இறங்கிய சோர்வை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையதும்தான்.

"ஒண்ணும் போக வேண்டாம். இந்த வாரம் எனக்கு, அடுத்த வாரம் உங்களுக்கு."

"ரெண்டு பேரும் குறைச்சுட்டா வாஷிங் மெஷின்?"

"அது மெதுவா வரட்டும். இனிமே ஞாயித்துக்கிழமை நீங்களும் சேர்ந்து துவைங்க."

"அதெல்லாம் சரி. முதல் வாரம் ஏன் உனக்கு?"

"கூலி ஏறினது யாருக்கு?"

சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். முதுகைப் பிடித்து வெளியே தள்ளித் தாழ் போட்டேன். உடனே கதவு தட்டப்பட்டது.

"செருப்பு உள்ள இருக்கு மேடம்!"

ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக எறிந்தேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினேன். வெயில் அதற்குள் ஒரு சாண் நகர்ந்திருந்தது. தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் அதன் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.