வாசலில் வெட்டிய கயிறு

காலையில் கத்தரிக்கோலோடு பள்ளி வாசலில் நின்றுவிட்டால் ஆயா கனகலட்சுமிக்குக் காது கேட்காது. பிள்ளைகள் கையில் எந்த நிறத்திலும் கயிறு இருக்கக்கூடாது என்று ஹெச்.எம். சுற்றறிக்கை விட்டிருந்தார். மற்ற வேலைகளை முனகிக்கொண்டே செய்கிறவள், இதை மட்டும் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் மகன் முத்துக்குமரனின் கயிற்று நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடித்து, பஸ் ஸ்டாப்பில் மண்டையை உடைத்தார்கள் கூடப் படித்த பயல்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கும் அவள்தான் சோறு ஊட்டுகிறாள். அந்தக் கயிற்றைத் திருவிழாவில் ஆசையாக வாங்கிக் கட்டிவிட்டதும் அவளேதான்.

"அம்மா கட்டுனது ஆயாம்மா, வெட்டாதீங்க." ஆறாம் வகுப்பு சமீனா முழுக்கைச் சட்டைக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாப் பிள்ளைக்கும் அம்மா கட்டுனதுதேன். கைய நீட்டு."

முடிச்சைத் தூக்கிப் பிடித்து, அதன் நடுவில் வெட்டுவது கனகலட்சுமியின் வழக்கம். அப்போதுதான் பிள்ளைகளின் தோலில் படாது. கறுப்புக் கயிறு குப்பை டப்பாவுக்குள் விழுந்தது. பின்னால் இன்னும் முப்பது பிள்ளைகள் நின்றார்கள்.

மத்தியானம் சமீனா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை, அழுகையையும் நிறுத்தவில்லை. டீச்சர் போன் செய்ததும் அவளுடைய அத்தா அப்துல் ரசாக் தையல் கடையிலிருந்து, கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று கனகலட்சுமி முந்திக்கொண்டாள்.

"ரூல்ஸ் பாய். நானா போட்டேன்?"

"ரூல்ஸ் நல்லதுதேன்க்கா, நான் குத்தம் சொல்ல வரல. இவ அம்மா மௌத்தாயி இன்னும் நாப்பது நாள் முடியல. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கட்டிவிட்டது. இறுக்கக் கையில தெம்பு இல்ல, பல்லால கடிச்சு இழுத்தா." அவர் கழுத்து டேப்பை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். "அந்த முடிச்சு மட்டும் கெடச்சாப் போதும்னு அழுகுறா. கையில கட்ட வேணாம், பீரோவுல வச்சுக்கிறட்டும்."

இம்புட்டையும் காலையிலேயே சொல்லக் கூடாதா பிள்ளை என்று கேட்க வாயெடுத்தவள், மூடிக்கொண்டாள். பிள்ளை சொல்லத்தான் செய்தது. தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியாத கை, ஊரான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பழைய பேப்பரை விரித்து டப்பாவைக் கவிழ்த்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் ஒதுக்கியபோது பதினொரு கறுப்புக் கயிறுகள் மிஞ்சின. தையல்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டார். ஒன்றில்கூட முடிச்சு இல்லை. அத்தனையும் நடுமுடிச்சில் வெட்டுப்பட்டுப் பிரிந்து கிடந்தன. அவள் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது.

"எது தாயி உன்னுது?" கனகலட்சுமி பேப்பரைச் சமீனா பக்கம் நகர்த்தினாள்.

சமீனா தரையில் உட்கார்ந்தாள். ஒரு கயிற்றின் நுனியை எடுத்துத் தன் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.