ஆறாம் வீட்டு ஜெபக்கூட்டம்

டோர்கஸ் பின்வாசல் வழியாக வந்தபோதே கோனியோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்கு மகளிர் சங்கத்து ஜெபக்கூட்டம். பகல் ஒரு மணிக்கே வந்திருக்க வேண்டிய வேலைக்காரி இரண்டரைக்கு வருகிறாள், தலையில் துண்டைப் போட்டுப் பாதி முகத்தை மூடிக்கொண்டு.

"துண்ட எடு."

டோர்கஸ் எடுத்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதட்டோரம் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"ஆண்டவரே! திரும்பவும் அவனா?"

"வேற யாரு மிசிஸ், பிஷப்பா வந்து அடிப்பாரு?"

கோனியோ இரக்கமுள்ளவள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வலி மாத்திரை கொடுத்தாள். தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து தன்னுடைய நீளக்கை அங்கி ஒன்றையும், பிரிஸ்பேனிலிருந்து வாங்கி வந்த முகப்பூச்சையும் எடுத்து வந்தாள்.

"இதப் போட்டுக்கிட்டா கையில இருக்கற காயம் தெரியாது. முகத்துல இதத் தடவிக்க. பாதிரியாரம்மா வேற வர்றாங்க. உன்ன இப்படிப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

டோர்கஸ் பூச்சின் மூடியைத் திறந்து பார்த்தாள். பாதி உதட்டால் சிரித்தாள்.

"இது உங்க காயத்துக்கு வாங்கினது மிசிஸ். என் காயத்துக்கு நிறம் ஒத்து வராது."

கோனியோ சட்டென்று குழாயடிப் பாத்திரங்களைப் பார்த்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டில் உடைந்த தட்டுகளைக் கூட்டி அள்ளுகிறவள் டோர்கஸ். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவாள் என்று நினைத்தது தன் பேதைமை.

ஆனாலும் அது வேறு, இது வேறு என்றுதான் அவள் மனது சொன்னது. அவள் புருஷன் வாகி படித்தவர். கம்பெனியில் இன்ஜினியர். வேலைப் பளுவில் எப்போதாவது கை நீளும். டோர்கஸின் புருஷன் மலைக்காரன், தகரக் கொட்டகைகளில் வளர்ந்தவன். அவர்களுக்கு அடிதடி சாப்பாடு மாதிரி. கடற்கரை ஊர்களில் எல்லோரும் மலைக்காரர்களைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். கோனியோவின் அம்மாவும் பேசினாள்.

இதே பேச்சைத் தன்னைப் பற்றியும் ஒருவர் சொன்னதைக் கோனியோ மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தாள். மோர்ஸ்பியில் அவர்கள் குடியிருந்த கம்பெனி வளாகத்தில் வீட்டுக்கு ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். ஆபத்தில் அதை அழுத்தினால் காவல் வண்டி வரும். போன டிசம்பரில் அவள் அழுத்தினாள். வண்டியும் வந்தது. வெள்ளைக்கார மேற்பார்வையாளர் வாசலில் நின்று வாகியுடன் இரண்டு நிமிடம் சிரித்துப் பேசினார். "உங்க ஆளுங்க குடும்ப விஷயத்துல நாங்க தலையிடறதில்ல மேடம், உங்க வழக்கம் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் நாலாம் வீட்டு வெள்ளைக்காரி ஹெதரின் புருஷன் அவள் மேல் நாற்காலியை வீசினான். நாலு நிமிடத்தில் வண்டி வந்தது. அன்று மாலையே அவள் ஓட்டல் அறையில் பத்திரமாக இருந்தாள், செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஆஸ்திரேலியா போய்விட்டாள். கோனியோ அதற்காகப் பொறாமைப்படவில்லை. ஹெதரும் அழுதுகொண்டுதான் போனாள்.

மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். பாதிரியாரின் மனைவி கெயுவா நடுவில் உட்கார்ந்தாள். வாகி கால்பந்து பார்க்கப் போயிருந்ததால் கூடம் தாராளமாக இருந்தது. இரண்டாவது பாட்டு நடக்கும்போது, வாசல் காவலாளி கபா அடுக்களைக் கதவைத் தட்டினான். கோனியோ எழுந்து போனாள். டோர்கஸ் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிசிஸ், கேட்ல ஒருத்தன் கம்பியப் பிடிச்சு உலுக்கறான். பொண்டாட்டிய அனுப்புன்னு கத்தறான். கையில தடி வச்சிருக்கான்."

"வண்டியக் கூப்பிடு கபா."

கபா வாயில் இருந்த பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். "யார் பேர்ல கூப்பிட? வேலைக்காரிக்கு வண்டி வராது. இங்க குடியிருக்கற பொம்பளைக்கு ஆபத்துன்னாதான் வரும். உங்க பேரச் சொல்லட்டுமா?"

கோனியோ கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பேர் பதிவானால் வாகியின் காதுக்குப் போகும். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். கூடத்தில் பாதிரியாரம்மா இருக்கிறாள்.

"வேணாம்" என்றாள். டோர்கஸ் பக்கம் திரும்பினாள், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீயே போய் ரெண்டு வார்த்தை சமாதானமாப் பேசி அனுப்பிட்டு வாயேன். நான் உனக்காக ஜெபம் பண்றேன்."

டோர்கஸ் உடுப்பின் மேல் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"பண்ணுங்க மிசிஸ்" என்று சொல்லிவிட்டுக் கபாவின் பின்னால் போனாள்.

கோனியோ திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டு ஆரம்பமானது. இரண்டு அடி பாடியிருப்பார்கள், கேட் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. பெண்களின் குரல் ஒரு கணம் தடுமாறியது. கெயுவா கண்ணைத் திறக்காமலே சுருதியை உயர்த்தினாள். எல்லோரும் சேர்ந்து உயர்த்தினார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோனியோவும் குரலை உயர்த்திப் பாடினாள், முழுதாக ஒரு சரணம்.

அந்தச் சரணத்தின் கடைசி அடியில் அவளுக்கு டிசம்பர் நினைவு வந்தது. அன்றைக்கு அவள் அலறியபோது ஐந்தாம் வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

அவள் பாட்டை நிறுத்தினாள். படுக்கையறைக்குப் போய், இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் கிடந்த பொத்தானை அழுத்தினாள். உடனே தொலைபேசி அடித்தது. அதே மேற்பார்வையாளர்.

"ஆறாம் வீடா? என்ன பிரச்சனை?"

"கேட்ல ஒரு பொண்ண அடிக்கறாங்க."

"உங்களுக்கு ஆபத்தா, வேலைக்காரிக்கா மேடம்?"

"எனக்கு" என்றாள் கோனியோ. சொன்ன பிறகு, அது பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் முற்றத்தில் இறங்கி கேட்டுக்கு ஓடினாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் டோர்கஸ் மண்ணில் சுருண்டு கிடந்தாள். தடி மறுபடி ஓங்கியிருந்தது. கபா உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவத் திற."

"ரூல்ஸ் இருக்கு மிசிஸ்..."

"என் பேரச் சொல்லிட்டேன். திற."

அவள் வெளியே போய் டோர்கஸின் முன்னால் நின்றாள். அந்த மனிதன் அவளுடைய செருப்பைப் பார்த்தான், உடுப்பைப் பார்த்தான், தடியைக் கீழே இறக்கினான். அவளுடைய தைரியத்துக்குப் பயந்து அவன் இறக்கவில்லை. இந்த வளாகத்துப் பெண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். டோர்கஸைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் தடியைப் போட்டுவிட்டு ஓடினான்.

மேற்பார்வையாளர் இறங்கினார். "உங்களப் பார்த்தா ஒண்ணும் ஆன மாதிரி தெரியலையே மேடம்?"

கெயுவாவும் மற்றப் பெண்களும் முற்றத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். கோனியோ கபாவின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி, கைக்குட்டையை நனைத்துத் தன் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். பூச்சு கரைந்தது. அடியில் ஒரு வாரத்துக் காயம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"இது எனக்கு. அது அவளுக்கு. ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் டோர்கஸைப் பார்த்துத் தயங்கினார். கெயுவாதான் முதலில் அசைந்தாள். உள்ளே போய், ஐஸ்கட்டி சுற்றிய துணியைக் கொண்டு வந்து டோர்கஸின் உடைந்து தொங்கிய மணிக்கட்டின் மேல் வைத்தாள். பின்பு தன் சால்வையை அவளுக்குப் போர்த்தினாள். கோனியோவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் வண்டிக் கதவைத் திறந்தார்.

மோர்ஸ்பி ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் டோர்கஸ் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"மன்னிச்சிடு டோர்கஸ்."

"அடுக்களையிலேருந்து கேட்டுக்கு முப்பது தப்படிதான் மிசிஸ். தினமும் நடக்கறேன்ல, எனக்குத் தெரியும்."

"ஆமா."

"முதல்லயே நடந்திருக்கலாம்."

"ஆமா" என்றாள் கோனியோ. வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கியது. டோர்கஸ் பல்லைக் கடித்தாள். கோனியோ தன் உள்ளங்கையை அந்த உடைந்த கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். டோர்கஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னை மிசிஸ்னு கூப்பிடாத. கோனியோன்னு கூப்பிடு" என்றாள்.

டோர்கஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"முதல்ல கை கூடட்டும் மிசிஸ்."