இராணுவம் வேண்டாமென்ற துப்பாக்கி

காலை ஐந்து மணிக்கே ஓர்லிகோன் பகுதியிலிருந்த அந்த ஏலக் களஞ்சியத்தில் மண்ணெண்ணெய் நெடி மூக்கை அரித்தது. ஏலத்துக்குப் போகும் பழைய துப்பாக்கிகளின் துருவை மனோகரி கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையுறை கிழிந்து, விரல் வெடிப்புகளில் எண்ணெய் இறங்கி எரிந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றின் தை மாதம். வெளியே பனி கொட்டியது. எதிர் மேசையில் கனகரத்தினமும் போர்த்துக்கல்காரி லூர்தெஸும் அதே வேலையில் இருந்தார்கள்.

அடுத்த மேசையில் தவராஜாவிடம் நூறு வருடத்துக்கும் மேல் பழைய, இராணுவச் சோதனைக்காகச் செய்த துப்பாக்கி ஒன்று இருந்தது. தானாகவே குண்டேற்றிக்கொள்ளும்படி செய்ததாம். பின்மூடி கழன்று சிப்பாய்களின் முகத்தில் அடித்ததால் இராணுவம் தள்ளிவிட்டதாம். இந்தக் கதையை ஏலப் புத்தகத்தில் அழகாக அச்சடித்த முதலாளி ஹூபர், வேலையாட்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "திறந்து உள்ளேயும் துடை" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

தவராஜா மூடியைத் திருகினான். உள்ளே இறுகிக் கிடந்த சுருள்வில் சீறிப் பாய்ந்தது.

"அக்கா!"

அவன் வலக்கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது.

அம்புலன்ஸ் போன கையோடு ஹூபர் ஒரு தாளுடன் வந்தார்.

"அனுமதியில்லாமல் அவன் திறந்தான் என்று எழுதியிருக்கிறது. மூவரும் கையெழுத்துப் போடுங்கள்."

"நீங்கள்தானே திறக்கச் சொன்னீர்கள்?" மனோகரி தடுமாறும் ஜெர்மனில் கேட்டாள்.

"துடைக்கத்தான் சொன்னேன். அடுத்த மாதம் உன் வதிவிட பெர்மிட் புதுப்பிக்க என் கடிதம் வேண்டும். யோசி."

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நின்ற கனகரத்தினம் குரல் தாழ்த்தினார்:

"பிள்ளை, போடாட்டி எங்களைக் கலைச்சுப்போடுவான். ஐம்பத்தெட்டு வயதில எனக்கு ஆர் வேலை தருவினம்?"

"போட்டால் பழி முழுக்கத் தவராஜாவிலதான் விழும், அண்ணை. நாளைக்கு உங்கட கை போனால் உங்களுக்காக ஆர் கதைக்கிறது?"

அவர் தாளை எடுத்து மறுபக்கம் திருப்பி வைத்தார்.

"நடந்ததை எழுது. முதல் கையெழுத்து நான் வைக்கிறன்."

அவள் எழுதினாள். கனகரத்தினம் வைத்தார்; அவள் வைத்தாள்; லூர்தெஸ் ஒன்றும் கேட்காமல் பேனையை வாங்கினாள்.

"வெளியே போங்கள்! நாளைக்கு யாரும் வர வேண்டாம்!" ஹூபர் கத்தினார்.

டிராம் தரிப்பில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தவராஜாவின் மனைவி அழைத்தாள். கண் தப்புமோ என்று இன்னும் சொல்லேலாதாம். மனோகரி அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பனியில் சறுக்கியபடி நான்கு பேர் ஓடிவந்தார்கள். ஹூபரின் லொறியில் பெட்டி ஏற்றுபவர்கள்.

"ஏத்தின எல்லாத்தையும் இறக்கி வைச்சு வேலையை நிப்பாட்டிட்டம், அக்கா. எங்கட பேரையும் எழுதுங்கோ," என்றான் முன்னால் வந்த நிருசன்.

அந்தத் தாளைக் கொடுக்கப் போன தொழிற்சங்க அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். பூட்டிய கதவின் முன்னால் ஏழு பேரும் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள்.