கேள்வி முடியும் வரைக்கும்

விதுர்ஷாவின் வாயை அன்னப்பூரணி உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். மகள் திமிறிக்கொண்டு கட்டிலைக் காட்டினாள். காட்டத் தேவையில்லை, முதலில் கண்டதே அன்னப்பூரணிதான். கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, முகம் துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் நல்லரத்தினத்தின் உயிர் போய்விட்டிருந்தது.

“கத்தாத புள்ள. இப்ப கத்தாத.”

“அம்மா, அப்பா...”

“தெரியும். நான் பாத்திட்டன். கேள்வி முடியட்டும்.”

வெளியே முற்றத்தில் கதிரைகள் இழுபட்டன. பழுகாமத்தில் பாதிச் சனம் அங்கேதான் நின்றது. நல்லரத்தினம் சேரின் செயலாளன் நௌஷாட் விடிந்ததும் ஓட்டமாவடியிலிருந்து வந்து, விறாந்தையில் மேசை போட்டு அதன் மேல் டிவியைத் தூக்கி வைத்திருந்தான். இன்றைக்குப் பாராளுமன்றத்தில் யானை வேலிக் கேள்வி. ஊருக்கு அது திருவிழா.

நல்லரத்தினம் எம்.பி.யை ஊரில் பெரிய ஆள் என்பார்கள். கொழும்பில் அப்படி யாரும் நினைத்ததில்லை. அவர் கடைசி வரிசை வாங்குக்காரர். அவரை டிவியில் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கிறவர் குனிய வேண்டும். பேச நேரம் கொடுத்தாலும் மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். “இண்டைக்கும் கதிரை மேசைக்குத்தான் பேசிட்டு வந்தன்” என்று வீட்டுக்கு வந்து சிரிப்பார். ஆனால் உடும்புப் பிடிக்காரர். யானை வேலிக் கேள்வியை அவர் போடுவதும், அமைச்சு தவணை கேட்பதுமாக வருடம் கழிந்து, ஒரு வழியாக இன்றைக்கு நாள் வந்தது. வந்த நேரம் பார்த்து நெஞ்சு நோ வந்து, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் கேள்வியை ஓட்டமாவடி மஜீட் எம்.பி.யிடம் ஒப்படைத்தார். மஜீட் வேறு கட்சி. தேர்தல் மேடையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள், பாராளுமன்றத்தில் ஒரே மேசையில் சோறு தின்பார்கள். வர முடியாத உறுப்பினரின் கேள்வியை இன்னொருவர் அவர் சார்பாகக் கேட்கலாம். செத்துப் போனவரின் கேள்வியை யாரும் கேட்க முடியாது. இதைச் சொன்னவரும் நல்லரத்தினம்தான். கூட்டாளி எம்.பி. ஒருவரின் செத்த வீட்டுக்குப் போய் வந்த அன்று, “ஆள் போனா கேள்வியும் போயிரும். அனுதாபம் சொல்லுவானுகள், பதில் சொல்ல மாட்டானுகள்” என்றார். அப்போது அன்னப்பூரணி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இனி வேறொருவர் புதிதாகக் கேள்வி போட்டு, அதற்கும் தவணை கேட்டு முடிவதற்குள் கதிர் பழுத்துவிடும். பழுத்த வயல் வட்டைக்கு முதலில் வருகிறது யானைதான், கதிர் வெட்டுகிறவர் அல்ல. போன நெல் வெட்டில் தனுஷியாவின் புருசன் காவலுக்குப் போனவன், விடிய மூன்று பேர் சேர்ந்து சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தனுஷியா இப்போது முற்றத்தில் முதல் கதிரையில் இருந்தாள்.

போன் அடித்தது. மஜீட்.

“அக்கா, அண்ணன் எப்பிடி இரிக்கார்? ராவு நல்லாக் கதைச்சாரே.”

அன்னப்பூரணி கட்டிலைப் பார்த்தாள். “இரிக்கார் தம்பி.”

“ஒரு சொல் கதைக்கலாமா? உள்ளுக்குப் போகப் போறன். அவர்ர சத்தத்தக் கேட்டா எனக்கும் ஒரு தெம்பு.”

“நித்திர. டொக்டர் எழுப்ப வேணாம் எண்டிட்டார்.”

“சரி, சரி. எழுப்பாதீங்க. நான் பாத்துக்கொள்றன் எண்டு சொல்லுங்க.”

“சொல்றன்.”

போனை வைத்ததும் விதுர்ஷா பொரிந்தாள், ஆனால் குரலை அடக்கித்தான். “அப்பா செத்துக் கிடக்கார். நீங்க பொய் சொல்றீங்க.”

“பொய்தான்.”

“ஒரு விளக்காவது ஏத்துங்கம்மா.”

“பகல்ல விளக்கெரிஞ்சா பாக்கிறவனுக்கு விளங்காதா?”

செய்ய வேண்டியதெல்லாம் அவளுக்குத் தெரியும். தலைமாட்டில் விளக்கு, கால் பெருவிரல்களைச் சேர்த்து ஒரு கட்டு, தாடைக்கு ஒரு கட்டு. காலைப் போர்வைக்குள் கட்டிவிட்டாள். தாடையைக் கட்டினால் எட்டிப் பார்க்கிறவன் கண்டுவிடுவான். கட்டாமல் விட்டால் வாய் திறந்தபடி இறுகிவிடும். முகத்தைச் சுவர்ப் பக்கம் சற்றுத் திருப்பி, கட்டில் விளிம்பில் இருந்து, தாடையைக் கையால் ஏந்திக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது. காலையில் கஞ்சிக்கு ஒரு கல் உப்புக் கேட்டார். டொக்டர் பேச்சைக் கேட்டு அவள் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

திரைச்சேலை அசைந்து நௌஷாட்டின் தலை மட்டும் உள்ளே வந்தது. “அம்மா, தொடங்கிட்டு. சேர எழுப்புங்களன், ஒருக்காப் பாக்கட்டும்.”

“இப்பதான் கண்ண மூடினார். டிவி சத்தத்தக் கூட்டு, படுத்துக்கொண்டு கேப்பார்.”

அவன் நம்பிவிட்டான். புருசனின் தாடையைப் பிடித்துக்கொண்டு இருக்கிற பெண்ணை இன்னொரு தரம் பார்க்க வெட்கப்பட்டு, தலையை இழுத்துக்கொண்டான். சத்தம் கூடியது.

அங்கே பால் விலைக் கேள்வி நடந்துகொண்டிருந்தது. கேட்டவரும் விடுகிறபாடில்லை, பதில் சொன்னவரும் விடுகிறபாடில்லை. முற்றம் கொதித்தது.

“பசு மாட்டையும் சபைக்கு ஓட்டிக்கொண்டு வருவானுகள் போல.”

“நேரம் முடியப் போகுதுடா. முடிஞ்சா எழுத்தில பதில் எண்டு தூக்கிக் குடுத்திருவானுகள்.”

“வாயப் பொத்துங்கடா, கேக்குதில்ல.”

கலியாணம் முடித்த காலத்திலிருந்து புருசனுடைய அரசியலை அன்னப்பூரணி கரித்துக் கொட்டாத நாளில்லை. இன்றைக்கு, அவர் போன பிறகு, முதல் தடவையாகப் பாராளுமன்றத்தை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிடித்த கை விறைத்தது. மாற்றக்கூட அவள் நினைக்கவில்லை.

“கௌரவ நல்லரத்தினம்” என்று சபாநாயகர் கூப்பிட்டார்.

முற்றம் அடங்கியது. விதுர்ஷா வந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கௌரவ நல்லரத்தினம் அவர்களின் சார்பாக நான் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்” என்றது மஜீட்டின் குரல்.

பிரதி அமைச்சர் சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். முற்றம் முழுக்க நௌஷாட்டின் வாயைப் பார்த்தது. அவன் பொலநறுவைக்கு நெல் ஏற்றிச் சிங்களம் படித்தவன்.

“என்னடா சொல்றான்?”

“யானையும் முக்கியமாம், மனிசனும் முக்கியமாம்.”

“அது எங்களுக்குத் தெரியாதா? வேலிய என்னவாம்?”

“ஆராயிறாங்களாம்.”

ஒரு பெருமூச்சு முற்றத்தைச் சுற்றி வந்தது. யாரோ காறித் துப்பினார்கள். இதற்காகவா இந்த மனிசனை விளக்கில்லாமல் போட்டு வைத்திருக்கிறேன் என்று அன்னப்பூரணிக்குத் தன் மீதே ஆத்திரம் வந்தது.

மஜீட் விடவில்லை. “மேலதிகக் கேள்வி. ஆராய்ந்தது போதும். இதுவும் கௌரவ நல்லரத்தினம் என்னிடம் சொல்லி அனுப்பியதுதான். வேலி வருவது பழுகாமத்து நெல் பழுக்க முன்னமா, பழுத்த பின்னமா? ஒரு சொல்லில் பதில் வேணும். அது ஹன்சார்ட் பதிவில் ஏறவும் வேணும்.”

சபையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கடதாசி புரட்டுகிற சத்தம், பின்னாலிருந்து அதிகாரி யாரோ குசுகுசுப்பது. பிரதி அமைச்சர் மறுபடி பேசினார், இந்தத் தரம் வாசிக்காமல்.

நௌஷாட் டிவிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனான்.

“சொல்லன்டா.”

“இரிங்க.”

“உன்னத்தான். செத்திட்டியா?”

“முன்ன” என்றான் நௌஷாட். குரல் உடைந்திருந்தது. “பழுக்க முன்னயாம். கம்பியும் தூணும் இந்தக் கிழம வருதாம். பேர் சொல்லிட்டான். பழுகாமம் எண்டு அவன்ர வாயால சொல்லிட்டான்.”

முற்றம் எழும்பியது. கதிரைகள் சரிந்தன. அந்த இரைச்சலுக்குள் பிரதி அமைச்சர் இன்னும் ஏதோ சொல்ல, நௌஷாட் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினான். “சேர் கெதியாச் சுகமாகி வரணுமாம். அந்தக் கடைசி வாங்கில அவர் இல்லாம சபை சப்பெண்டு இரிக்காம்.”

அதற்குத்தான் பெரிய கைதட்டல் விழுந்தது.

அன்னப்பூரணி குனிந்து அவருடைய காதருகே போனாள். “இஞ்சாருங்க. தந்திட்டானுகள்.” சொல்லும்போதே மனம் பொங்கியது. சந்தோசம்தான், வேறு பேரில்லை. புருசன் செத்துக் கிடக்கிற அறையில் இப்படி ஒரு சந்தோசம் வருமா என்று கூசினாள். கூசினாலும் அது போகவில்லை.

விதுர்ஷா தாயின் முகத்தைப் பார்த்தாள். “இப்ப அழட்டாம்மா?”

“ஓம்” என்று சொல்ல அன்னப்பூரணி வாயெடுத்தாள். வாசல் படலையடியில் வெடி வெடித்தது. வீடே ஆடியது, ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. சீனவெடி அல்ல, யானை கலைக்கிற வெடி. வட்டைக் காவலுக்கென்று வீட்டுக்கு வீடு பதுக்கி வைத்திருந்ததை ஓடிப் போய் எடுத்து வந்துவிட்டார்கள். இனி எதற்கு வைத்திருக்க வேண்டும்?

“இதப் பிடி” என்று தாடையை மகளின் கையில் கொடுத்தாள். “நான் போய்ச் சொல்லிட்டு வாறன்.”

திரைச்சேலையை விலக்கி வெளியே வந்தாள். புகைக்குள் ஆட்கள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நௌஷாட் டிவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான், யாராவது தட்டி விழுத்திவிடுவார்கள் என்று. அன்னப்பூரணி தொண்டையைச் செருமினாள். யாருக்கும் கேட்கவில்லை.

தனுஷியா அவளைக் கண்டுவிட்டாள். ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்தாள். விரலெல்லாம் வெடிமருந்து அப்பிக் கறுத்திருந்தது.

“அக்கா, நானும் ஒண்டு கொளுத்தினன். கை நடுங்கிப் போட்டுதுகா. திரி பத்தவே இல்ல, பிறகு பாத்தா டமாரெண்டு, நான் அங்கால, செருப்பு இஞ்சால.”

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த நெல் வெட்டுக்குப் பிறகு இந்தப் பெண் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தலையைப் பின்னால் எறிந்து, மூச்சு முட்ட, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். பின்னால் அடுத்த வெடிக்குத் திரி சீறியது.

அன்னப்பூரணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் சிரித்து முடியட்டும் என்று நின்றாள்.